போட்டோஷாப்பில் படம் தப்பாகத் தெரிகிறதா? உடனே படத்தில் கை வைக்காதீர்கள்

புது மானிட்டர் மாட்டிய அன்றே ஒரு நிகழ்ச்சியில் எடுத்த படங்களைத் திறந்தேன். எல்லாவற்றிலும் மஞ்சள் ஏறியிருந்தது, வெள்ளைச் சட்டைகள் பழைய காகிதம் மாதிரி தெரிந்தன. கேமராவில் வொயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு) சொதப்பிவிட்டது என்று முடிவுகட்டி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு படத்திலும் மஞ்சளை எடுத்தேன். காலையில் போனில் பார்த்தால் அத்தனை பேரும் விஷம் குடித்தவர்கள் மாதிரி நீலம் பாரித்து நிற்கிறார்கள். படங்கள் முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கின்றன, என் திரைதான் பொய் சொல்லியிருக்கிறது.

அதனால் இப்போதெல்லாம் கோளாறு எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்லைடரைத் தொடுகிறேன். அதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு கருவியில், உதாரணமாக உங்கள் போனில், திறந்து பாருங்கள். கோளாறு ஸ்கிரீன்ஷாட்டிலும் வந்திருந்தால் அது கணினிக்குள்ளேயே இருக்கிறது, அதாவது மென்பொருளிலோ, நிற எண்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் ப்ரொஃபைலிலோ, படத்திலோ. ஸ்கிரீன்ஷாட் ஒழுங்காக இருந்தால் மானிட்டர், அதன் கேபிள், இல்லையென்றால் இரவில் திரையை மஞ்சளாக்கும் விண்டோஸின் நைட் லைட் மேல் சந்தேகப்படலாம். சாயங்காலம் ஆனதும் தானாக ஆன் ஆகும்படி நைட் லைட்டை வைத்துவிட்டு, அதை மறந்தே போய்க் குழம்பியவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது சோதனை இன்னும் துல்லியம். போட்டோஷாப்பில் எஃப்8 அழுத்தினால் இன்ஃபோ பேனல் வரும். படத்தில் வெள்ளையாக இருந்தே ஆக வேண்டிய ஒரு இடத்தின் மேல் கர்சரைக் கொண்டுபோங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எண்களும் கிட்டத்தட்ட சமமாக, 240, 241, 239 என்கிற மாதிரி இருக்கிறதா? அப்படியிருந்தும் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிந்தால் படம் குற்றவாளி இல்லை. நீல எண் மட்டும் 200க்குக் கீழே இறங்கியிருந்தால் படத்திலேயே மஞ்சள் இருக்கிறது, தாராளமாகத் திருத்துங்கள்.

எனக்கு நடந்தது மானிட்டர் ப்ரொஃபைல் கோளாறு. மானிட்டரோடு தானாகவே ஒரு ப்ரொஃபைல் வந்து உட்கார்ந்துகொள்ளும், சில சமயம் அது குப்பையாக இருக்கும். போட்டோஷாப் அதை அப்படியே நம்பி நிறத்தை மாற்றிக் காட்டும், ப்ரொஃபைலைக் கண்டுகொள்ளாத மென்பொருள்களிலோ எல்லாம் நன்றாகத் தெரியும், அதனால் போட்டோஷாப்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவுவோம், ஒன்றும் மாறாது. விண்டோஸ் தேடலில் கலர் மேனேஜ்மென்ட் என்று தேடித் திறந்து, டிவைசஸ் பக்கத்தில் உங்கள் மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, 'யூஸ் மை செட்டிங்ஸ்' என்பதை டிக் செய்துவிட்டு, ஆட் பட்டனில் போய் எஸ்ஆர்ஜிபி ஐஇசி61966-2.1 என்பதை (இணையத்தில் பொதுவாகப் புழங்கும் நிற ப்ரொஃபைல்) சேர்த்து, அதையே டிஃபால்ட் ஆக்குங்கள். அப்புறம் போட்டோஷாப்பை மூடித் திறக்க மறக்காதீர்கள். உண்மையான தீர்வு மானிட்டரைக் கருவி வைத்து கேலிபிரேட் செய்வதுதான், அதாவது நிறத்தை அளந்து சரிசெய்வதுதான், ஆனால் அவசரத்துக்கு இது போதும்.

போட்டோஷாப்பில் பளிச்சென்று இருந்த படம் இணையத்தில் ஏற்றியதும் வெளிறிப்போகிறது என்றால் அது வேறு ப்ரொஃபைல் கதை, இந்த முறை படத்தினுடையது. எஸ்ஆர்ஜிபியைவிட அதிக நிறங்கள் கொண்ட அடோபி ஆர்ஜிபியிலோ ப்ரோஃபோட்டோவிலோ வேலை செய்த படத்தை ப்ரொஃபைல் இல்லாமல் சேமித்தால், பார்க்கிற மென்பொருள் அதை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்கிறது, நிறம் செத்துப்போகிறது. எக்ஸ்போர்ட் அஸ் பெட்டியில் 'கன்வர்ட் டு எஸ்ஆர்ஜிபி', 'எம்பெட் கலர் ப்ரொஃபைல்' இரண்டையும் டிக் செய்யுங்கள், தீர்ந்தது. எடிட் மெனுவில் இருக்கும் அசைன் ப்ரொஃபைலையும் கன்வர்ட் டு ப்ரொஃபைலையும் மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அசைன் எண்களைத் தொடாது, அவற்றுக்குச் சொல்லும் அர்த்தத்தை மாற்றும், அதனால் நிறம் மாறித் தெரியும். கன்வர்ட் எண்களை மாற்றி, நிறத்தை முடிந்தவரை அப்படியே காப்பாற்றும். உங்களுக்குப் பெரும்பாலும் வேண்டியது கன்வர்ட்தான்.

படம் கருப்பாக வருகிறது, கட்டம் கட்டமாக உடைகிறது, ஜூம் செய்தால் மின்னுகிறது என்றால் கிராபிக்ஸ் கார்டைப் பாருங்கள். ப்ரிஃபரன்சஸில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'யூஸ் கிராபிக்ஸ் ப்ராசசர்' டிக்கை எடுத்துவிட்டு மென்பொருளை மூடித் திறங்கள். கோளாறு போய்விட்டால் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் காரணம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கார்டு தயாரித்தவரின் தளத்திலிருந்தே புது டிரைவரை இறக்கிப் போட்டுவிட்டு டிக்கைத் திரும்ப வையுங்கள், எடுத்தபடியே விட்டுவிட்டால் சில வசதிகள் வேலை செய்யாது.

சில சமயம் எதுவுமே கெட்டிருக்காது, தெரியாமல் ஒரு கீயை அழுத்தியிருப்போம். படம் திடீரென்று கருப்பு வெள்ளையானால் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒரே ஒரு சானல் மட்டும் தேர்வாகியிருக்கலாம், கண்ட்ரோல் + 2 அழுத்துங்கள். பிரஷ் தீட்டினால் சிவப்புப் படலம் வந்தால் குயிக் மாஸ்க் (பிரஷ்ஷால் தேர்வு செய்யும் முறை) ஆன் ஆகியிருக்கும், அணைக்க க்யூ கீ போதும். ஒரு லேயரைத் தவிர மற்றதெல்லாம் காணோமா? ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு அதன் கண் குறியை அழுத்தியிருப்பீர்கள், அதையே இன்னொரு முறை செய்யுங்கள். படம் மங்கலாகவோ விளிம்பில் பல்பல்லாகவோ தெரிந்தால், 66.7 சதவீத ஜூமில் இருந்துகொண்டு ஷார்ப்னஸைப் பற்றித் தீர்ப்பு சொல்லாதீர்கள். கண்ட்ரோல் + 1 அழுத்தி 100 சதவீதத்தில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஜிம்ப் என்கிற இலவசப் படத் திருத்த மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே வழிதான், வியூ மெனுவில் கலர் மேனேஜ்மென்ட்டையும் டிஸ்ப்ளே ஃபில்டர்ஸையும் பாருங்கள், ஏதாவது ஃபில்டர் ஆன் ஆகிக் கிடந்தால் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் கடைசியாக ப்ரிஃபரன்சஸை அழிக்கலாம். போட்டோஷாப் திறக்க ஆரம்பித்த உடனே கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்தால் செட்டிங்ஸ் ஃபைலை அழிக்கட்டுமா என்று கேட்கும். நீங்கள் செய்து வைத்திருக்கும் ஆக்‌ஷன்களையும் (பதிவு செய்து வைத்த வேலை வரிசைகள்) பிரஷ்களையும் முதலில் வேறு இடத்தில் சேமித்துவிட்டு, அதற்கப்புறம் சரி சொல்லுங்கள்.