துணைவர் ஐசியூவில் இருந்தால் கையெழுத்து யார் போடுவது? தன்பாலின இணையர் எழுதிவைக்க வேண்டியவை

இந்தியாவில் தன்பாலின இணையருக்குத் திருமண அங்கீகாரம் இல்லை. 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தர மறுத்துவிட்டது. எத்தனை வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தாலும் ஆஸ்பத்திரி கவுண்டரைப் பொறுத்தவரை நீங்கள் வெளியாள்தான். மரணப் படுக்கையில் இருப்பவரின் துணைவரையும் 'குடும்பம்' என்று கருதலாம் என அதே வழக்கில் தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதியதைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அது அமர்வில் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்காத தீர்ப்பு. அதைக் காட்டி எந்த ஆஸ்பத்திரியையும் கட்டாயப்படுத்த முடியாது.

கைகொடுப்பது வேறொன்று: நோயாளிக்குத் தன் உடல்மீது இருக்கும் உரிமை. சமீரா கோலி வழக்கில் (2008) மயக்க மருந்தில் இருந்த பெண்ணுக்காக, வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் டாக்டர் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்தார். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயதுவந்த, முடிவெடுக்கும் திறனுள்ள ஒருவருக்காகப் பெற்ற தாய் கொடுத்த சம்மதம்கூடச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே துணைவருக்கு அதிகாரம் வேண்டுமென்றால், நோயாளி நினைவோடு இருக்கும்போதே அது அவர் வாயாலும் கையெழுத்தாலும் வர வேண்டும். கீழே உள்ள எல்லாமே அதற்கான ஏற்பாடுதான்.

அட்மிஷன் ஃபார்ம்

முதல் சிக்கல் 'உறவுமுறை' என்ற கட்டத்தில் வருகிறது. கேள்வி கேட்பார்களே என்று பலர் 'தம்பி', 'அக்கா' என்று எழுதிவிடுகிறார்கள். அப்போதைக்கு வேலை நடக்கும். நிஜத் தம்பி மறுநாள் ஊரிலிருந்து வந்து இறங்கினால், பொய் சொன்னவர் என்ற ஒரே காரணத்துக்காக உங்களை வெளியே நிறுத்துவார்கள். இன்சூரன்ஸ் கிளெய்மிலும் அந்தப் பொய் இடிக்கும். 'துணைவர், நோயாளி அதிகாரம் அளித்தவர்' என்று எழுதுங்கள். கம்ப்யூட்டரில் அந்த வார்த்தை இல்லையென்றால் 'மற்றவை' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அச்சான தாளில் பேனாவால் எழுதி நோயாளியைப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அட்டெண்டர் பாஸும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

அதிகாரக் கடிதம்

ஒரு பக்கம் போதும். முத்திரைத்தாள் இல்லாவிட்டாலும் சரி. அதில் இருக்க வேண்டியவை: இருவரின் பெயர், வயது, ஆதாரில் உள்ள முகவரி, என் நோய் விவரங்களை இவரிடம் மறைக்காமல் சொல்லலாம் என்ற அனுமதி, என் மருத்துவ ஆவணங்களை இவர் வாங்கிக்கொள்ளலாம், ஐசியூவில் என்னைப் பார்க்க இவருக்கே முன்னுரிமை, என்னால் பேச முடியாதபோது சிகிச்சை குறித்து முதலில் இவரிடம் கேட்க வேண்டும். கடைசியாக, யாரிடம் விவரம் சொல்லக் கூடாது என்பதையும் எழுதலாம். இதை எழுதப் பலர் தயங்குகிறார்கள். சண்டை வரும் வீடுகளில் அதிகம் உதவுவது அந்த வரிதான்.

இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, நோட்டரி சான்றும் பெற்றால் கடிதத்துக்குக் கனம் கூடும். அட்மிஷன் அன்றே கேஸ் ஷீட்டில் ஒரு நகலைச் சேர்க்கச் சொல்லி, உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்கிவிடுங்கள். ஆவணம் வாங்கும் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது: 2002-இன் மருத்துவ நெறிமுறை விதிகள், நோயாளியோ அவர் 'அதிகாரம் அளித்த உடனிருப்பவரோ' கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன. ரத்த உறவு வேண்டும் என்று அங்கே நிபந்தனை இல்லை.

அறுவை சிகிச்சைச் சம்மதம் வேறு கதை. அதே விதிகளில் 7.16-ஆவது விதி கணவன் அல்லது மனைவி, சிறார் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர், இல்லையெனில் நோயாளி என்றுதான் பேசுகிறது. துணைவர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே முன்கூட்டித் தெரிந்த ஆபரேஷன் என்றால், நோயாளியே கன்சென்ட் ஃபார்மில் கையெழுத்திட வேண்டும். ஆபரேஷன் நடுவில் எதிர்பாராதது ஏதாவது வந்தால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதையும் டாக்டரிடம் முன்பே பேசி, அதே ஃபார்மில் எழுதச் சொல்லுங்கள்.

பவர் ஆஃப் அட்டர்னியை மட்டும் நம்ப வேண்டாம்

'ஒரு பவர் எழுதிக்கொடுத்துட்டா போதும்' என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவுப்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் முகவரின் அதிகாரமும் முடிந்துவிடும். அதாவது, அவர் நினைவோடு இருக்கும்வரை செல்லும் தாள், கோமாவுக்குப் போனதும் கேள்விக்குள்ளாகும். அந்த நிலைக்குப் பிறகும் செல்லுபடியாகும் பவர் என்று சில நாடுகளில் இருப்பதுபோல் நம் சட்டத்தில் இல்லை. பில் கட்ட, இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு அலைய என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிர்காக்கும் முடிவுகளுக்கு அது உதவாது.

முன்கூட்டிய மருத்துவ உயில்

குணமாக வாய்ப்பில்லாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதிவைப்பது இது; நினைவு போன பிறகும் நிற்கும் தாள். காமன் காஸ் வழக்கில் 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு வழி திறந்தது. அப்போது மாஜிஸ்ட்ரேட் கையெழுத்து வேண்டியிருந்ததால் யாராலும் எளிதில் எழுத முடியவில்லை. 2023 ஜனவரி 24 அன்று விதி தளர்ந்தது. இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்று பெற்றால் போதும். சாட்சிகள் இருவரும் எந்தத் தரப்பையும் சாராதவர்களாக இருப்பது நல்லது.

தீர்ப்பின் வாசகம் 'காப்பாளர்(கள்) அல்லது நெருங்கிய உறவினர்(கள்)' என்பது. துணைவர் பெயரைக் 'காப்பாளர்' என்ற வார்த்தையோடே எழுதுங்கள். ஒன்றுக்கு மேற்பட்டோரைக் குறிப்பிடலாம் என்பதால், துணைவரும் கூடவே விபத்தில் சிக்கினால் யார் என்று இரண்டாவது பெயரையும் சேருங்கள். எந்த நிலையில் வென்டிலேட்டர், டயாலிசிஸ், மூக்குக்குழாய் உணவு வேண்டாம் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். 'தேவையில்லாத சிகிச்சை வேண்டாம்' என்று மொட்டையாக எழுதினால் டாக்டர்கள் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதியது, எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்வேன் என்ற வரிகளும் கட்டாயம். பல உயில்கள் இருந்தால் கடைசியாகக் கையெழுத்தானதே செல்லும்.

ஒரு நகலை மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கவுண்டரில் இருப்பவருக்கு இது என்னவென்றே தெரியாமல் போகலாம். ஆணையர் பெயருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். குடும்ப டாக்டர் இருந்தால் அவருக்கும் ஒன்று.

சரி, ஆஸ்பத்திரியில் இது எப்படி நடக்கும்? சிகிச்சை தரும் டாக்டரும், 5 வருட அனுபவமுள்ள இரு நிபுணர்களும் கொண்ட முதல் குழு பார்க்கும். பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டரும் இரு நிபுணர்களும் கொண்ட இரண்டாவது குழு. ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். உயிலில் பெயருள்ளவரின் ஒப்புதல் வேண்டும். செயல்படுத்தும் முன் மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தகவல் போகும். கவனிக்க: குணமாக வாய்ப்பில்லாதபோது சிகிச்சையை மறுக்கவோ நிறுத்தவோ மட்டுமே இந்த உயில். சாதாரண ஆபரேஷனுக்கு இதைக் காட்டிக் கையெழுத்துப் போட முடியாது.

மனநலச் சிகிச்சை என்றால்

இங்கேதான் சட்டம் நம் பக்கம் வெளிப்படையாக நிற்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 14-இன்படி வயதுவந்த எவரையும், சிகிச்சை முடிவுகளில் துணைநிற்கும் 'நியமனப் பிரதிநிதி' ஆக்கலாம். வெறும் வெள்ளைத் தாளில் கையெழுத்தோ கைரேகையோ போதும். அவரும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். யாரையும் நியமிக்காதபோதுதான் உறவினர் முறை வருகிறது.

எந்தத் தாளும் இல்லாமல் நினைவு போய்விட்டால்

உயிர் போகும் அவசரத்தில் யார் கையெழுத்தும் இல்லாமல் டாக்டர் சிகிச்சை தரலாம்; நல்லெண்ணத்தில் செய்ததை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 30 காக்கிறது. 'உறவினர் வரட்டும்' என்று காக்கவைத்தால், அவசர சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்ற பரமானந்த் கட்டாரா தீர்ப்பைச் (1989) சொல்லி, டூட்டி டாக்டரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கோமா நீண்டால், காப்பாளராக நியமிக்கக் கோரி அரசியல் சாசனப் பிரிவு 226-இன் கீழ் உயர் நீதிமன்றம் போவதே வழி. தமிழ்நாட்டில் உங்கள் வக்கீல் கையில் ஒரு தீர்ப்பு இருக்கிறது: திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே 22 அன்று சொன்னது. அது ஆட்கொணர்வு வழக்கு (சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டவரை மீட்கக் கோருவது), மருத்துவ வழக்கு அல்ல. இருந்தாலும் வாதத்துக்கு உதவும். கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், ஒரே முகவரி உள்ள ஆதார் எல்லாவற்றையும் இணைத்துக் கொடுங்கள். தன்பாலின இணையர் கூட்டுக் கணக்கு தொடங்கத் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதிச் சேவைத் துறை தெளிவுபடுத்தியிருக்கிறது. இன்னும் தொடங்கவில்லை என்றால் தொடங்கிவிடுங்கள்.

மிச்சம் இரண்டு

உறுப்பு தானச் சட்டத்தின் 'நெருங்கிய உறவினர்' பட்டியலில் துணைவர் கிடையாது. உங்கள் சிறுநீரகத்தை அவருக்குத் தர வேண்டுமானால், பாசத்தின் அடிப்படையில் தருவதாக அங்கீகாரக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு நாளாகும் என்பதால் முதல் டெஸ்ட் முடிந்ததுமே ட்ரான்ஸ்பிளான்ட் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.

இறந்தவரின் உடலைப் பெறுவது பற்றி மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியது, நெருங்கிய உறவினர் இல்லாத நிலையைப் பற்றி மட்டுமே. உறவினர் வந்து நின்றால் அந்தக் கடிதம் போதாது. இறுதிச் சடங்கை யார் செய்ய வேண்டும் என்பதை உயிலிலும் அதிகாரக் கடிதத்திலும் ஒரே வாசகத்தில் எழுதிவைத்து, பிறந்த வீட்டில் பேச்சுக்கு இணங்கக்கூடிய ஒருவரிடமாவது அதன் நகலை இப்போதே கொடுத்துவிடுங்கள்.