தறி ஓடும் ஊரில் ஸ்ட்ராட்: செம்பு நாடா ஒட்டும் முறை

சோமனூர், பல்லடம் பக்கம் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) மின்கிட்டாரை ஆம்பில் செருகினால் பாட்டுக்கு முன்னே இரைச்சல்தான் வரும். அதில் இரண்டு வகை உண்டு. ட்யூப்லைட், மோட்டார் வயரிங்கிலிருந்து வரும் கரகரப்பு ஒன்று. டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் தரும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் இன்னொன்று. கிட்டாரின் உள்பள்ளத்தில் ஒட்டும் செம்பு நாடா முதலாவதைத்தான் அடக்கும். கிட்டாரைப் பிடித்தபடி மெல்லத் திரும்பிப் பாருங்கள். திசைக்குத் திசை ஏறி இறங்குவது பெரும்பாலும் உறுமல்.

1960-களின் அசல் கிட்டார் என்றால் கை வைக்காதீர்கள். பழைய சால்டர் கலைந்தாலே மதிப்பு இறங்கும்.

தேவை: கடத்தும் பசையுள்ள 50 மி.மீ. செம்பு நாடா 2 மீட்டர், 40 வாட் சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், இன்சுலேஷன் டேப்.

1. பிரிப்பதற்கு முன், பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) ஸ்விட்சின் ஐந்து நிலைக்கும் பத்து விநாடி வெறும் இரைச்சலைப் போனில் பதியுங்கள். இதைத் தவறவிட்டால் பிறகு ஒப்பிட ஒன்றுமே இருக்காது.

2. கம்பிகளைக் கழற்றி, பிக்கார்டின் (பிக்கப்புகளைத் தாங்கும் முகப்புத் தகடு) திருகுகளை எடுங்கள் (இன்றைய மாடல்களில் 11). வயரிங்கைப் படமெடுத்த பிறகே ஜாக்கின் (கேபிள் செருகும் துளை) இரு வயர்களையும், பின்பக்க ஸ்பிரிங்குகளைப் பிடிக்கும் கொக்கியின் எர்த் வயரையும் சால்டர் நீக்குங்கள்.

3. பள்ளத்தின் தரை, சுவர் முழுக்க நாடாவை ஒன்றின் மேல் ஒன்று 5 மி.மீ. ஏறும்படி ஒட்டுங்கள். ஒரு திருகுத் துளை வரை விளிம்பில் மடித்து விடுங்கள்; பிக்கார்டின் அடியிலும் நாடா ஒட்டுங்கள், அது அங்கேதான் இதைத் தொடும்.

4. எந்த இரு மூலைக்கும் இடையே மீட்டர் 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். கூடினால் பசை கடத்தவில்லை; இணைப்புகளில் பொட்டுச் சால்டர் வையுங்கள், 3 விநாடிக்கு மேல் சூடு வேண்டாம்.

5. நாடாவிலிருந்து ஒரு வயரை வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) முதுகுக்குக் கொடுத்து, கழற்றிய வயர்களைப் பழைய இடத்தில் சேருங்கள்.

மூடியதும் சத்தமே வரவில்லையா? ஸ்விட்சின் காலோ ஜாக்கின் நுனித் தகடோ செம்பைத் தொட்டு ஷார்ட் ஆகியிருக்கும். அவ்விடங்களில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். கம்பியைத் தொட்டால் கரகரப்பு கூடுகிறதென்றால் ஜாக்கில் வயர் மாறியிருக்கிறது.

இனி மதிப்பீடு. பலர் புதுக் கம்பி மாட்டிவிட்டு, கூடிய பளபளப்பைச் செம்பின் பேரில் எழுதுகிறார்கள். கழற்றிய கம்பிகளையே மாட்டி, பிக்கப் உயரத்தை மாற்றாமல், அதே நாற்காலியில் அதே திசையில் மறுபடி பதியுங்கள். எது முன், எது பின் என்று சொல்லாமல் நண்பரைக் கேட்கச் சொல்லுங்கள். மீதி உறுமல் ஸ்விட்சின் 2, 4-ஆம் நிலைகளில் அடங்கினால் நடுப் பிக்கப்பின் சுருள் எதிர்த்திசையில் சுற்றப்பட்டது. அங்கும் உறுமினால் செம்பால் ஆகாது. இரைச்சல் நீக்கும் பிக்கப்தான் வழி.