கான்கிரீட்டுக்குள் ஈரம்: ஸ்பிரைட் முறையில் உங்கள் முதல் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்

சிக்னலை எதிரொலியாக மீட்டுப் பதியும் வழக்கமான எம்.ஆர்.ஐ. முறையான ஸ்பின் எக்கோ வரிசையில் கான்கிரீட்டை ஸ்கேன் செய்தால் திரையில் பெரும்பாலும் இரைச்சல்தான் மிஞ்சும். நுண்துளை நீரின் சிக்னல் சில நூறு மைக்ரோ செகண்டில் அணைந்துவிடுகிறது. வழக்கமான எக்கோ வருவதற்கே சில மில்லி செகண்ட் ஆகும். கனடாவின் நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பால்கம் குழு 1996-இல் வெளியிட்ட ஸ்பிரைட் இதற்கு ஏற்ற முறை. கிரேடியன்டை, அதாவது இடத்துக்கிடம் சீராக மாறும் கூடுதல் காந்தப்புலத்தை, படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் அது நிலைத்தபின் சிறு ரேடியோ பல்ஸ் கொடுத்து, குறித்த நேரம் கழித்து ஒரே ஒரு புள்ளியைப் பதிவு செய்கிறோம். எல்லாப் புள்ளிக்கும் அந்த நேரம் ஒன்றே என்பதால் காந்தப்புலம் சீரற்றிருந்தாலும் படம் கோணாது.

எடுத்துக்காட்டு: 50 மி.மீ. நீளக் கான்கிரீட் உருளை, 64 மி.மீ. பார்வைப் பரப்பு (படத்தில் அடங்கும் நீளம்), 64 புள்ளிகள், ஒரு பரிமாணம்.

படி 1: கிரேடியன்ட் இல்லாமல் ஒரு பல்ஸ் கொடுத்து சிக்னல் தேய எடுக்கும் நேரத்தை, அதாவது டி2*-ஐ அளவிடுங்கள். பல்ஸுக்கும் பதிவுக்கும் இடையிலான பதிவு நேரம் அதை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கட்டும். இங்கே 100 மைக்ரோ செகண்ட். மற்ற எல்லா எண்களும் இதிலிருந்தே பிறக்கின்றன, அவசரப்படாமல் அளவிடுங்கள்.

படி 2: 1 மி.மீ. துல்லியத்துக்கு உச்ச கிரேடியன்ட் மீட்டருக்கு 117 மில்லி டெஸ்லா. உங்கள் ஆம்ப்ளிஃபையர் அதில் பாதிதான் தருமென்றால் துல்லியம் 2 மி.மீ. ஆகும்.

படி 3: தொடக்கக்காரர்கள் சறுக்கும் இடம் பல்ஸ். கிரேடியன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பல்ஸ் போவதால், பார்வைப் பரப்பு முழுக்க 320 கிலோ ஹெர்ட்ஸ் பரவியிருக்கும். 2 மைக்ரோ செகண்ட் பல்ஸ் என்றால் உச்ச கிரேடியன்டிலும் உருளையின் முனைகளுக்கு 90% கிளர்ச்சி கிடைக்கும். 5 மைக்ரோ செகண்ட் ஆனால் 47%தான். மொத்த சிக்னல் நன்றாகவே தெரியும், முனைகள் மட்டும் மங்கும். காரணம் பிடிபடாமல் நேரம் போகும். ரிசீவர் ஃபில்டர் குறுகலாக இருந்தாலும் இதே கதிதான்.

படி 4: நடுவில், அதாவது சுழி கிரேடியன்டில் தொடங்குங்கள். ஒரு பக்கம் 32 புள்ளிகள், டி1-ஐப் போல் (பல்ஸுக்குப் பின் காந்தமாக்கல் பழைய நிலைக்கு மீளும் நேரம்) ஐந்து மடங்கு ஓய்வு, பிறகு மறுபக்கம் 32. பல்ஸ்களுக்கிடையே 2 மில்லி செகண்ட், திருப்புக் கோணம் (ஒரு பல்ஸ் காந்தமாக்கலைச் சாய்க்கும் அளவு) 6 பாகை. டி1 நீண்டதாக இருந்தாலும் 32 பல்ஸ் முடிவில் காந்தமாக்கலில் சுமார் 84% மிஞ்சும். 20 பாகை வைத்தால் 14%தான், விளிம்புகள் கரையும்.

படி 5: காலித் தாங்கியையும் அதே அமைப்பில் ஸ்கேன் செய்து கழியுங்கள். தாங்கி டெஃப்லானாக இருக்கட்டும், அதில் ஹைட்ரஜன் இல்லை. ஒட்டு நாடாவின் பசையும் ரப்பர் வளையமும் சிக்னல் தரும், அகற்றுங்கள்.

படி 6: பதிந்த புள்ளிகளைப் படமாக மாற்றும் ஃபூரியர் மாற்றம் செய்யுங்கள். டி2* இடத்துக்கிடம் மாறினால் ஒரே ஸ்கேனை நீரின் அளவாக வாசிக்கக் கூடாது. பதிவு நேரத்தை 100, 150, 200, 300 மைக்ரோ செகண்டாக வைத்து நான்கு முறை எடுங்கள். பார்வைப் பரப்பு மாறாதிருக்க உச்ச கிரேடியன்டை 117, 78, 59, 39 என இறக்குங்கள். ஒவ்வோர் இடத்திலும் அடுக்குக்குறி வளைவைப் பொருத்தி, சுழி நேரத்து மதிப்பை எடுங்கள். அது ஆவியாகக்கூடிய நீரைத்தான் காட்டும். சிமென்டோடு வேதியாகப் பிணைந்த நீர் இந்த நேரத்துக்குள் அணைந்துவிடும்.