பழைய அம்பாசடரில் ஸ்டியரிங் ஆட்டமா? முதலில் இதைப் பாருங்கள்

ஊட்டி-மசினகுடி இடையிலான கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அம்பாசடரை ஏற்றி இறக்குகிறவர்கள், ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலம் திருப்பியும் சக்கரம் அசையவில்லை என்றால் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். மெக்கானிக்குகள் உடனே ரேக்கையே (ஸ்டியரிங் சுழல்வதைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் பல் சட்டம்) மாற்றச் சொல்வார்கள், அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் தேய்ந்திருப்பது டை ராடு எண்ட்தான், அதாவது ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் முனையிலுள்ள பந்து மூட்டு. ஊட்டி மழையில் அதன் ரப்பர் பூட் கிழிந்தால் தண்ணீரும் சேறும் உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும், அப்புறம் பந்து மூட்டு சீக்கிரமே தேய்ந்துவிடும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே ஒருவர் ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டட்டும், நீங்கள் ஒவ்வொரு மூட்டிலும் கையை வைத்துப் பாருங்கள், தேய்ந்த இடத்தில் 'டக்'கென்று கைக்கே தெரியும். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் அது வேறு கதை: வீல் பேரிங் அல்லது கிங்பின் (சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சாணி).

டை ராடு எண்டைக் கழற்றும்போது நட்டை முழுதாக எடுக்காமல் இரண்டு மரை விட்டுவைத்து, அது மாட்டியிருக்கும் ஸ்டியரிங் ஆர்மின் (சக்கரத்தைத் திருப்பும் கை) பக்கவாட்டில் சுத்தியலால் தட்டுங்கள். மரையின் தலையில் மட்டும் அடிக்காதீர்கள், நான் அப்படி ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். பழைய எண்ட் எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்று புதியதை ஏற்றுங்கள். ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் துளையில் செருகும் கம்பி) போடுகிற நட்டாக இருந்தால் புதுப் பின்தான், துளை நேராக வரவில்லையென்று நட்டைத் தளர்த்தக் கூடாது, கொஞ்சம் இறுக்கிச் சேர்க்க வேண்டும். முடிந்ததும் மேட்டுப்பாளையம் இறங்குவதற்கு முன்பே வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள், சுற்றை எண்ணியது கடை வரை ஓட்டிப் போக மட்டுமே உதவும்.