வீட்டு அறையில் ஸ்பீக்கர் வழியே பியானோப் பதிவு இயல்பாக ஒலிக்க: தொடங்குவோருக்கான செய்முறை

பியானோவின் 88 கட்டைகளில் இடது ஓரக் கட்டை 27.5 ஹெர்ட்ஸிலும் (விநாடிக்கு அத்தனை அதிர்வுகள்), வலது ஓரக் கட்டை ஏறத்தாழ 4186 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கின்றன. வீணைத் தந்தியைப் போல இழுத்து வளைக்கவோ, குழலைப் போல ஊதி நீட்டவோ முடியாத அந்த ஒலிக்கு இரண்டே பருவங்கள்தான்: கம்பளி போர்த்திய சுத்தியல் தந்தியில் மோதும் கணத்தின் தாக்கு, அதன் பிறகு பல விநாடிகள் தேய்ந்துகொண்டே போகும் கார்வை. பதிவுசெய்த பியானோவை வீட்டில் ஸ்பீக்கர் வழியே கேட்கும்போது, என் அனுபவத்தில் இவ்விரண்டையும் கெடுப்பதில் முதலிடம் அறைக்கே. கருவிகளின் விலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

படி 1: காதைப் பழக்குதல்

இசைப்பள்ளியிலோ நண்பர் வீட்டிலோ உண்மையான பியானோ இருந்தால், நடுவிலுள்ள ஒரு கட்டையை ஓங்கி அழுத்தி, விரலை எடுக்காமல் பிடித்திருக்கச் சொல்லுங்கள். மூன்று மீட்டர் தள்ளி நின்று, ஒலி முற்றிலும் மறையும் வரை கேளுங்கள். முதலில் விரைவாகத் தணிந்து, பின்னர் மெதுவாகத் தேயும் அந்த வடிவம் மனத்தில் பதிந்துவிட்டால், கடையில் எந்த விற்பனையாளரும் உங்களை ஏமாற்ற முடியாது.

படி 2: அறையைச் சீர்செய்தல்

எதையும் வாங்குவதற்கு முன் அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள அறையில் தட்டலுக்குப் பின்னால் ‘ட்ர்ர்’ என்றொரு அதிர்வு ஓடும். பியானோவின் மேல் ஸ்தாயிச் சுரங்களைக் கண்ணாடித் துண்டுகளாக உடைப்பது அதுவே. ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் இடையே கனமான ஜமக்காளம் ஒன்றை விரித்து, எதிர்ச்சுவரில் புத்தக அலமாரியை நிறுத்தி, சன்னலுக்குத் தடித்த திரை போட்டாலே பெரும் மாற்றம் தெரியும்.

ஆனால் மந்திர ஸ்தாயியை ஜமக்காளம் தொடாது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே தாழ்ந்த ஒலி நின்று அதிர்வதால், சில சுரங்கள் மட்டும் வீங்கி ஒலிக்கும். ஒலியின் வேகமான விநாடிக்கு 343 மீட்டரை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் வீக்கம் எங்கே வரும் என்று தெரிந்துவிடும். என் அறை 12 அடி, அதாவது 3.66 மீட்டர்; விடை ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸ். இடது ஓரத்திலிருந்து 10வது கட்டை அதற்கு மிக அருகில், 46.2 ஹெர்ட்ஸில் இருப்பதால், அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறையே உறுமிற்று. ஸ்பீக்கரைக் குறை சொல்லி அதை மாற்றவும் செய்தேன். புதிய ஸ்பீக்கரிலும் அதே கட்டை அப்படியே உறுமியது.

படி 3: ஸ்பீக்கர்

ஆறரை அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான கூம்பு) உள்ள இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள் தொடங்கப் போதுமானவை. பெயருக்கேற்ப அலமாரியில் செருகிவிடாமல், உயர்ந்த ஒலியைத் தரும் சிறிய ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரும்படி ஸ்டாண்டில் வையுங்கள். இரு ஸ்பீக்கர்களும் உங்கள் நாற்காலியும் சம பக்க முக்கோணமாக அமையட்டும். பக்கம் ஆறு அடி போதும். மிகவும் அகற்றி வைத்தால் பியானோ சுவருக்குச் சுவர் நீண்டுவிடும்.

இத்தகைய ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துவிடும் என்பதால் கவலை வேண்டாம். பியானோவின் கடைசிச் சில தந்திகளில் அடிப்படை அதிர்வு இயல்பிலேயே வலுவற்றது. அதன் மடங்குகளாக மேலே எழும் கிளை அதிர்வுகளிலிருந்தே நம் செவி அந்தச் சுருதியை உணர்ந்துகொள்கிறது. ஆகவே ஆழ்ந்த தாழ்வொலிக்கென்றே உள்ள சப்வூஃபரைப் பின்னர் வாங்கலாம். வாங்கினால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளது மட்டும் அதற்குப் போகும்படி பிரித்து, அது ஒலிப்பதே தெரியாத அளவுக்கு ஒலியைக் குறைத்து வையுங்கள்.

படி 4: ஆம்ப்ளிஃபையர்

ஒலி 10 டெசிபல் உயர வேண்டுமானால் பத்து மடங்கு திறன் தேவை. ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் 86 டெசிபல் தரும் ஸ்பீக்கர், 96 டெசிபலுக்கு 10 வாட்டும், 106 டெசிபலுக்கு 100 வாட்டும் கேட்கும். மென்மையாகப் போய்க்கொண்டிருக்கும் இசையில் திடீரென இரு கைகளும் ஓங்கி விழும்போது இந்தத் தாவல் ஒரு கணத்தில் வேண்டியிருக்கும். அப்போது திறன் போதாவிட்டால் தாக்கின் கூர்மை மழுங்கி, ஒலி கரகரக்கும். எனவே சேனலுக்கு 50 முதல் 100 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய திறன்) உள்ளதைப் பாருங்கள். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் பிஎம்பிஓ எண்ணை, அதாவது கணநேர உச்சத்தைப் பெருக்கிக் காட்டும் எண்ணை, மறந்துவிடுங்கள்.

படி 5: இசை வரும் வழி

சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரமே போதும். ஒலித்தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் கோப்பானாலும் சரி. பேஸ் பூஸ்ட், சரவுண்ட், நைட் மோடு அனைத்தையும் அணைத்துவிடுங்கள். இசைத்தட்டு கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சுழற்சி சற்றே தள்ளாடினாலும், அசைவற்ற பியானோச் சுரத்தில் அது உடனே அலையும்.

படி 6: இடம் பார்த்தல்

கைப்பேசியில் ஒலியெழுப்பும் செயலியை ஸ்பீக்கர் வழியே ஒலிக்கவிட்டு, 110 ஹெர்ட்ஸிலிருந்து படிப்படியாக இறங்குங்கள். எங்கே வீங்குகிறது, எங்கே காணாமற்போகிறது என்று குறித்துக்கொண்டு, ஸ்பீக்கரை நான்கு விரற்கடை அளவுக்கு நகர்த்தி மீண்டும் கேளுங்கள். நாற்காலி பின்சுவரை ஒட்டியிருந்தால் வீக்கம் உச்சத்தில் இருக்கும். அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னே தள்ளினால் தணியும். எனக்கு 10வது கட்டை அடங்கியது அப்படித்தான்; அதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

இறுதியாக மின்விசிறியை நிறுத்திவிட்டு, மெதுவான தனிப் பியானோப் பதிவு ஒன்றின் கடைசிச் சுரத்தைக் கேளுங்கள். கார்வை முழுவதும் தேய்ந்த பிறகு, வாசிப்பவர் பெடலிலிருந்து காலை எடுக்க, தந்திகளின் மேல் அவற்றின் அதிர்வை அடக்கும் டேம்பர்கள் வந்து அமரும் ‘ப்ப்’ என்ற மெல்லிய ஓசை பல பதிவுகளில் இருக்கும். அது கேட்கவில்லையென்றால் ஸ்பீக்கர்களை இன்னும் நான்கு விரற்கடை நகர்த்திப் பாருங்கள்.