மகனுக்கு முப்பது வயதில் வரும் பிரச்சினை, அம்மாவின் எட்டாவது வாரத்தில் தொடங்கியிருக்கலாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம், எங்கள் சாட்ஸ்வொர்த்தில், கல்யாணமாகி மூன்று வருடம் குழந்தை இல்லையென்றால் முதலில் டாக்டரிடம் போவது மருமகள்தான். மகனுக்கும் பரிசோதனை என்றதும் வீடு கப்சிப். அவனே போய்விட்டால்கூட சிகரெட், பீர் என்று இன்றைய பழக்கங்களைத்தான் எல்லோரும் கிளறுவார்கள். அவன் வயிற்றில் இருந்த காலத்தை யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். கருவின் 8 முதல் 14 வாரத்துக்குள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன்தான் ஆணுறுப்புகள் ஒழுங்காக அமைய வழி செய்கிறது. விந்தணுக்களை ஊட்டி வளர்க்கும் செர்டோலி செல்கள் பெருக ஆரம்பிப்பதும் கருவில்தான். ஒரு செல் இத்தனை விந்தணுக்களைத்தான் தாங்கும். செல்கள் குறைந்தால் பின்னாளில் எண்ணிக்கையும் குறையும். அதனால், ‘ஸ்கேனில் தெரியட்டும், அப்புறம் கவனமாக இருக்கலாம்’ என்பதுதான் பெரிய தவறு. அதற்குள் அந்த வாரங்களில் பாதி ஓடியிருக்கும். குழந்தை வேண்டும் என்று முடிவு செய்த நாளிலிருந்தே கவனம் வேண்டும், கணவனுக்கும் சேர்த்து. கர்ப்பத்தில் புகைத்த தாய்மார்களின் மகன்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறைவு என்று டென்மார்க் ஆய்வுகள் சொல்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து புகைப்பவரின் புகையும் புகைதான்.

அடுத்தது எலி, கரப்பான் மருந்து. லேபிள் இல்லாத குப்பியில் தெருவில் விற்பதை வாங்கிச் சமையலறையில் வைக்கிறார்கள். 2024 அக்டோபரில் சொவெட்டோவின் நலேடியில் ஆறு பிள்ளைகள் இறந்தது டெர்புஃபாஸ் என்ற பயிர் விஷத்தால். இப்படிப்பட்ட சரக்கு கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்குள் வரவே கூடாது. ஓட்டையை அடையுங்கள், பொறி வையுங்கள்.

மலேரியாக் கொசுவைக் கொல்லச் சுவரில் அடிக்கும் டிடிடி மருந்தின் கதை வேறு. 1996இல் இந்நாடு அதை விட்டது, மலேரியா ஏறியதும் 2000இல் திரும்பக் கொண்டுவந்தது. லிம்போபோ மாகாணத்தில் சுவரில் டிடிடி அடித்த கிராமங்களின் தாய்மார்களுக்கு, பிறப்புறுப்பில் குறையுள்ள ஆண் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 33 சதவீதம் அதிகம் என்று ஓர் ஆய்வு கண்டது. அதற்காக மருந்தடிக்க வருபவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவதும் தவறு. மலேரியாவே கருவைக் கலைக்கும். சாப்பாடு, தண்ணீர், பாத்திரங்களை வெளியே எடுத்துவையுங்கள். மருந்து காயும்வரை உள்ளே போக வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக் கறியை அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றுவது நம் வீட்டு வழக்கம். அந்த டப்பாவில் பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட் என்ற ரசாயனம் பெரும்பாலும் கிடையாது, அது மென்மையான பிவிசி பிளாஸ்டிக்கில்தான் அதிகம். ஆனாலும் கொதிக்கும் எண்ணெய்க்குச் செய்த டப்பா அல்ல அது. ஆறவிட்டு ஊற்றுங்கள், அல்லது எவர்சில்வர் இருக்கவே இருக்கிறது. கர்ப்ப எலிகளுக்குத் தாலேட் கொடுத்தால் ஆண் குட்டிகளின் டெஸ்டோஸ்டிரோன் விழுகிறது. மனிதரில் ஆதாரம் அவ்வளவு உறுதியில்லை. பயந்து வீட்டுப் பிளாஸ்டிக்கையெல்லாம் குப்பையில் போட வேண்டாம்.

என் மாமா ஷாட் மீன் பிடிக்கப் போகுமுன் தூண்டில் குண்டுக்கு ஈயத்தைச் சமையலறை அடுப்பிலேயே உருக்குவார். அது ஆபத்து என்று அப்போது யாருக்குத் தெரியும்? ஈயம் எலும்பில் பல வருடம் தங்கும். கர்ப்பத்தில் எலும்பின் கால்சியம் கரையும்போது அதுவும் இரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகும். முதல் அடி மூளைக்கு.

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘நீ அன்றைக்கு என்ன தின்றாய்’ என்று அம்மாவைக் குடைவதும் தவறுதான். ஒருவரின் குறைந்த எண்ணிக்கைக்கு இந்த நஞ்சுதான் காரணம் என்று காட்டும் பரிசோதனை எதுவும் இல்லை.

பிறந்த பிறகு கண்ணில் படுவது ஒன்று உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் ஆயாவின் கைக்குத்தான் அது முதலில் தெரியும்: ஒரு பக்கம் விரை பையில் இல்லை. ‘தானாக இறங்கிடும்’ என்பார். ஆறு மாதம்வரை அவர் சொல்வது சரியாக இருக்கலாம். அதன் பிறகு தானாக இறங்குவது அபூர்வம். ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்துவிட வேண்டும், பள்ளிக்கூடம் போகும்வரை காத்திருக்கக் கூடாது.