வரலாற்று புராஜெக்டுக்குச் சான்று தேடும்போது

பிள்ளைக்குப் பண்டைய வரலாற்றில் புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்களா? விக்கிப்பீடியாவில் தொடங்கட்டும், தப்பில்லை. ஆனால் அடிக்குறிப்பைத் திறந்து மூலம் எது என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய தமிழ் நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

சேர நாட்டின் பழைய முசிறித் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக அகநானூற்றின் 149-ஆம் பாடல் சொல்கிறது. அருமையான சான்று, ஆனால் அது கவிதை, கணக்குப் புத்தகம் இல்லை. வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில், கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணல் வகைத் தாளில் எழுதிய ஆவணம்) ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு. பணம் புரண்ட இடம் என்பதால் இதில் புகழ்ச்சிக்கு வேலையே இல்லை. அதற்காக, ஒரே கப்பலின் கணக்கை வைத்து மொத்த வணிகத்தையும் அளந்துவிடவும் கூடாது.

யார் எழுதியது, எப்போது, எதற்காக என்று ஒவ்வொரு சான்றுக்குப் பக்கத்திலும் ஒரு வரி எழுதட்டும். அப்புறம், பாடலும் பாப்பிரஸும் ஒத்துப்போகும் இடத்தைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். இணையப் பக்கம் என்றால் பார்த்த தேதியும் வேண்டும்.